விசில் அண்ணாச்சி வயித்துல குடியிருந்தவிய

அன்னைக்கு ரத்தம் எடுக்குற அறையில் இருந்தவங்களைச் சொல்லிடுதேன். ஊசியோட நர்ஸம்மா. மேசைக்குப் பக்கத்தில் நான், தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் கட்டுற மாடசாமி. வாசல் பக்கம் ஸ்டூலில் என் வீட்டுக்காரி பேச்சியம்மா. நாற்காலியில், சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிக்கிட்டு, விசில் அண்ணாச்சி. ஆக நாலு பேர். அண்ணாச்சி வயித்துக்குள்ள இருந்தவங்களை நான் சேர்க்கலை. அவங்களை யாரும் எண்ணினது இல்லை.

பேச்சிக்கு கர்ப்பப்பையில் கட்டி. மாசத்தில் பத்து நாள் ரத்தம் போய்க்கிட்டே இருந்தது. ஆபரேசன்தான் வழின்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஆனா ஒரு நிபந்தனை. "பி நெகட்டிவ் ரத்தம் ஒரு பாட்டில் கையில இல்லாம நான் தொட மாட்டேன்" என்றாங்க. எங்களுக்குத் தெரிஞ்ச பி நெகட்டிவ் கோவில்பட்டியிலேயே ஒரே ஆள்தான். ஆபீஸில் ஒரு தடவை எல்லாருக்கும் ரத்தம் சோதிச்சப்போ தெரிஞ்சது. விசில் அண்ணாச்சி.

கேட்கப் போனப்போ அவர் யோசிக்கவே இல்லை. "பாட்டில் என்ன தாயி பாட்டிலு. குடத்தைக் கொண்டா" என்றார்.

இதுக்கு மேல சொல்லணும்னா அவர் யாருன்னு சொல்லியாகணும்.

இந்தக் கரிசக்காட்டில் வயித்துப் புழுவை 'அவிய'ன்னு மரியாதையாச் சொன்ன மனுசன் அவர் ஒருத்தர்தான். தாசில்தாரைக்கூட 'அவன்'னுதான் சொல்லுவார். புழுவை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

நிசப் பேர் ஆபீஸ் வருகைப் புத்தகத்தில் இருந்திருக்கும். யாரும் பார்த்ததில்லை. அவருக்கு வேலை மருந்து ரூமில். குச்சி அடுக்கின சட்டத்தை மருந்தில் முக்கி எடுக்கணும். அந்த வாடைக்கும் தூசிக்கும் நல்ல நெஞ்சே கமறும். இவர் நெஞ்சு பிறந்ததிலிருந்தே இளைப்பு நெஞ்சு. மூச்சை இழுத்தா ஒரு விசில். விட்டா ரெண்டு விசில். ரயில்வே கேட்டுக்கிட்ட அவர் வர்ற சத்தம் ஆபீஸ் வாசலில் கேட்கும். வாட்ச்மேன் தலையைத் தூக்காமலே கதவைத் திறந்து விடுவார்.

புதுசா வந்த சூப்பர்வைசர் ஒருத்தர், குச்சி அடுக்குற பெண்பிள்ளைகள் நடுவில் நின்னு கத்தினார்.

"எவன்வே அவன், பொம்பளைய இருக்க இடத்துல விசிலடிக்கது?"

அண்ணாச்சி மருந்துக் கையோட எட்டிப் பார்த்தார். "நான் அடிக்கலய்யா. அதுவா அடிக்கு."

ஒரு தடவை ஆக்கி மேட்ச் பார்க்கப் போனோம். எங்க ஊர்ப் பையன் கோல் பக்கத்தில் பந்தோட போயிட்டான். அடிக்கப் போறவன் சட்டுனு நின்னுட்டான். எதிராளியும் நின்னுட்டான். அம்பயர் தன் விசிலைக் கையில் வச்சுப் பார்த்தார். அவர் ஊதலை. ஊதினது அண்ணாச்சி நெஞ்சு. அடுத்த மேட்சிலிருந்து அவரை மைதானத்துக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் உட்கார வச்சாங்க. அங்கே இருந்து அவருக்கு மேட்ச் தெரியாது. மேட்சுக்கு அவர் சத்தம் தெரியாது.

அவருக்குக் கல்யாணம் ஆகலை. "இந்த விசிலோட எவ படுப்பா" என்பார். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஒத்தை ரூமில் இருந்தார். இளைப்பு கூடின அன்னைக்குப் படுக்க முடியாது. தலையணையை மடியில் வச்சுக்கிட்டு உட்கார்ந்தபடி தூங்குவார். ஆடாதொடை, தூதுவளை, கண்டங்கத்திரி, எல்லாம் குடிச்சுப் பார்த்தாச்சு. டாக்டர் பம்பு எழுதிக் கொடுத்தார். "வாயில வச்சு அடிக்க நான் என்ன சைக்கிள் டியூபா?" என்று சொல்லி வாங்கலை.

கடைசியில் டாக்டர், மருந்து ரூமை விட்டுக் கொஞ்ச நாள் வெளியே போகச் சொன்னார். அண்ணாச்சி ஆத்துப் பக்கம் போனார். வாழைத்தோட்டம். செருப்பில்லாத காலோட ரெண்டு வருசம் ஈரமண்ணில் நின்னு வேலை பார்த்தார். பிறகு ஊர் ஞாபகம் வந்து திரும்பினார்.

அவர் திரும்பி வந்த காலையில் வாட்ச்மேன் கதவைத் திறக்கலை. சத்தம் கேட்கலை, அதான். அண்ணாச்சி அரைமணி நேரம் வெளியே நின்னு பார்த்துட்டு, அப்புறம் கதவைத் தட்டினார். பதினஞ்சு வருசத்தில் அவர் கதவைத் தட்டினது அதுதான் முதல் தடவை.

"ஏலே மாடா, போயிட்டுலே!" என்று என் காதைப் பிடிச்சுத் தன் நெஞ்சில் வச்சார். ஒண்ணும் கேட்கலை. எனக்குப் பயமாப் போச்சு. மூச்சு விடுறாரான்னு ஒரு தரம் மூக்கைப் பார்த்துக்கிட்டேன்.

முன்னால கத்திரிக்காயும் கருவாடும் தொட்டா உடம்பெல்லாம் தடிச்சுப் போகும் அவருக்கு. இப்போ ரெண்டையும் சேர்த்துக் குழம்பு வச்சு, எங்க முன்னாடி உட்கார்ந்து சட்டியோட தின்னார். ஒரு தடிப்பு இல்லை. மறுபடி மருந்து ரூமுக்கே வேலைக்குப் போனார். விசில் வரலை. பேர் மட்டும் அப்படியே நின்னுக்கிட்டது.

நாலஞ்சு மாசம் போச்சு. வயித்தெரிச்சல், ஒரு மாதிரி அசதி. டாக்டர்கிட்ட போனார். அவர் 'மோசன்' கொண்டுவரச் சொன்னார். எங்க ஊரில் அதை எதில் கொண்டு போவோம்னு எல்லாருக்கும் தெரியும். தீப்பெட்டியில்தான். அண்ணாச்சி தீப்பெட்டி ஆபீஸ்காரர். சும்மா பழைய பெட்டியில் கொண்டு போவாரா? லேபிள் புதுசா ஒட்டின பெட்டி ஒண்ணை முந்தின நாளே எடுத்து வச்சுக்கிட்டார். காலையில் அதில் வச்சு, ஒரு கையெழுத்துப் போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு ஆபீஸுக்கு வந்தவர், பெட்டியை என் மேசையில் வச்சுட்டுக் கையெழுத்துப் போடப் போனார்.

நான் பண்டல் கட்டுறவன். என் மேசையில் இருந்த தீப்பெட்டியை நான் என்ன செய்வேன்?

திரும்பி வந்து, "ஏலே, இங்கன ஒரு பெட்டி வச்சேனே, எங்க?" என்றார்.

"எந்தப் பெட்டி அண்ணாச்சி?"

"என் பெட்டிலே."

"எல்லாம் நம்ம பெட்டிதானே."

அவர் என் காதில் விசயத்தைச் சொன்னார். என் கை அப்படியே நின்னுட்டது. மூணு பண்டல் கட்டி முடிச்சிருந்தேன். பண்டலுக்கு அறுநூறு பெட்டி. லாரி வாசலில் நிக்குது.

மூணையும் பிரிச்சோம். திறந்து பார்க்க நேரமில்லை. தீப்பெட்டியை ஆட்டினா குச்சி குலுங்கும். இது குலுங்காது. நான் ஒவ்வொரு பெட்டியா எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வச்சு ஆட்டினேன். அண்ணாச்சி இன்னொரு பக்கம் ஆட்டினார். லாரி டிரைவர் வந்து, "என்ன அண்ணாச்சி, சரக்கு நல்லாருக்கான்னு கேட்டுப் பார்க்கீயளா?" என்றார். ரெண்டாவது பண்டலில், நானூறு பெட்டிக்கு மேல ஆட்டின பிறகு, ஒண்ணு சத்தம் போடலை.

"இதான்" என்றேன்.

"இதேதான்" என்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கிட்டு ஓடினார். அந்தப் பெட்டி மட்டும் லாரி ஏறியிருந்தா எங்கே போய் யார் அடுப்புப் பத்த வச்சிருப்பாங்களோ. இப்பவும் நினைச்சா எனக்கு வேர்க்கும்.

முடிவு கேட்க நானும் கூடப் போனேன். டாக்டர் வயசானவர். அண்ணாச்சியை 'வே' போட்டுத்தான் பேசுவார்.

"கொக்கிப்புழுவே. ஆத்தங்கரை ஈரத்துல செருப்பில்லாம நின்னீரா? உள்ளங்கால் வழியா ஏறிருக்கு. ரத்தத்தோட நெஞ்சுக்குப் போயி, அங்கேருந்து தொண்டைக்கு வந்து, நீரு முழுங்கினதும் குடலுக்கு வந்து கடிச்சுக்கிட்டுக் கிடக்கு."

அண்ணாச்சி தன் காலைப் பார்த்தார். நெஞ்சைப் பார்த்தார். வயித்தைப் பார்த்தார்.

"அம்புட்டுத் தூரமா வந்திருக்காவ? பாவம்லா."

அந்த 'வந்திருக்காவ' அன்னைக்குத்தான் ஆரம்பிச்சது.

"பாவம் பார்க்காதேயும்" என்றார் டாக்டர். "உம்ம உடம்புக்குள்ள ஒரு காவல்படை இருக்கு. வேத்து ஆள் வந்தா அடிச்சு விரட்டுறது அதுக்கு வேலை. இந்தப் புழு வருசக்கணக்கா உள்ள இருக்கணும்லா? அதனால அந்தப் படையை மெதுவா அமத்தி வச்சுக்கிடும். நீ என்னை அடிக்காதே, நான் உன்னைக் கொல்லலை, அப்படி ஒரு ஏற்பாடு."

"அப்போ என் விசிலு?"

"உமக்கு இளைப்பு ஏன் வருது? ஒண்ணுமில்லாத தூசியப் பார்த்து உம்ம படை, கள்ளன் கள்ளன்னு கத்துது. அந்தக் கூப்பாடுதான் விசிலு. படை அமந்தா கூப்பாடும் அமரும். அப்படி இருக்கலாம். ஆத்துக் காத்தாலயும் இருக்கலாம். நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். எல்லாருக்கும் இப்படி ஆகாது. சில புழு இளைப்பைக் கூட்டியே விட்டுரும்."

அண்ணாச்சி காதில் விழுந்தது முதல் பாதிதான்.

"அமந்த படை எல்லாருக்கும் அமந்த படைதான், பாத்துக்கிடும்" என்றார் டாக்டர். "டிபி மாதிரி ஒண்ணு வந்தா அப்போ சண்டைக்கு ஆள் பத்தாது. தடுப்பூசி போட்டாலும் சரியாப் பிடிக்காமப் போகலாம். அதுக்கு மேல, இந்தப் புழு குடிக்கிறது ரத்தம்."

"எம்புட்டுக் குடிப்பாவ?"

"ஒரு புழு, நாளைக்கு ஒரு சொட்டு, அரைச் சொட்டு."

"அம்புட்டுத்தானா! எங்க ரூம்ல கொசு அதுக்கு மேல குடிக்கு."

"எத்தனை புழுன்னு பாரும்வே!"

மாத்திரையை டாக்டரே கையில் கொடுத்தார். அண்ணாச்சி வாசல் வரைக்கும் கையில் வச்சிருந்தார். ஆபீஸ் வந்ததும் வாட்ச்மேன் சேவலுக்குப் போட்டார். சேவல் ஒரே கொத்தில் முழுங்கிட்டது.

அதிலிருந்து மூணு வருசம் அவர் அவங்களை வச்சுக் குடித்தனம் நடத்தினார். பரோட்டாக் கடையில், "எனக்கு மூணு. அவியளுக்கு ரெண்டு" என்று கேட்பார். பாகற்காய் தொட மாட்டார். "எனக்குப் பிடிக்கும். உள்ள இருக்கவியளுக்கு ஒத்துக்கிடாது." கடலைமிட்டாய் வாங்கினா ஒரு துண்டு கூட வாங்குவார். கோயில் கொடையில் வேப்பிலைக் கட்டோட சாமியாடி பக்கத்தில் வந்தா, வயித்தைப் பொத்திக்கிட்டு ஓடுவார். வேப்பிலை வயித்துக்குள்ள போனாத்தானே அண்ணாச்சின்னு கேட்டேன். "வாடை போகும்லே" என்றார்.

வருசத்துக்கு ஒரு தடவை ஆபீஸுக்குப் பூச்சி மாத்திரை கொண்டு வருவாங்க. எல்லாரும் வரிசையில் நின்னு முழுங்கணும். அண்ணாச்சி முழுங்குவார். தண்ணியும் குடிப்பார். அடுத்த நிமிசம் சேவலைத் தேடிப் போவார். நாக்குக்கு அடியில் அவர் ஒரு சட்டமே அடுக்கலாம். மூணு வருசம் தவறாமல் மாத்திரை தின்ன சேவல் அது. கோவில்பட்டியில் அவ்வளவு சுத்தமான வயிறு வேற எவருக்கும் கிடையாது.

ஒருநாள் எங்க வீட்டில் அவருக்குச் சோறு போட்டுக்கிட்டே பேச்சி கேட்டா. "ஏன் அண்ணாச்சி, புழுவுக்குப் போய் இப்படிப் பரிஞ்சு நிக்கீயளே, இது நல்லாவா இருக்கு?"

"முப்பது வருசம் உட்கார்ந்துக்கிட்டே தூங்கினேன் தாயி. அவிய வந்த பிறகுதான் படுத்திருக்கேன்." வயித்தைத் தடவிக்கிட்டார். "அதோட, ரூம்ல இப்ப நான் ஒத்தையில இல்லலா."

சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னார். பேச்சி சிரிக்கலை. சோத்தை இன்னொரு கரண்டி வச்சா.

ஒருதரம் டிபி இருக்கான்னு பார்க்க எல்லார் கையிலயும் சின்னதா ஒரு ஊசி போட்டாங்க. ரெண்டு நாள் கழிச்சு வந்து பார்த்தாங்க. என் கையில் ஒரு கொட்டைப்பாக்கு அளவு வீங்கியிருந்தது. பாதிப் பேருக்கு ஏதாவது ஒரு தடிப்பு. அண்ணாச்சி கை பலகை மாதிரி இருந்தது. அதைத் தூக்கிக்கிட்டு ஆபீஸ் முழுக்கச் சுத்தினார். "பார்த்தியளா. என் உடம்பு வம்பு தும்புக்கே போகாது."

டாக்டர்கிட்டயும் போய்க் காட்டினார். அவர் கோபப்பட்டார். "இது பெருமையாவே? உள்ள டிபி இருந்தாக்கூட இந்தக் கை காட்டாமப் போகும். காவல்காரனே தூங்குதான், நீரு திருட்டே நடக்கலைன்னு சொல்லுதீரு." படம் எடுத்துப் பார்த்தார். நெஞ்சில் ஒண்ணும் இல்லை. ஆனா டாக்டர் முகம் தெளியலை. கண் ரப்பையை இழுத்துப் பார்த்துட்டு, "மாத்திரையை முழுங்கும்" என்றார். சேவலுக்கு அன்னைக்கும் வேட்டை.

விசயம் வெளியூருக்கும் போச்சு. புதியம்புத்தூரில் துணி தைக்கிற ஒரு டெய்லர். துணித்தூசி ஒத்துக்காமல் இளைப்பு. பஸ் ஏறி வந்துட்டார். கையில் மூடி போட்ட ஒரு ஊறுகாய் பாட்டில்.

"அண்ணாச்சி, எனக்கும் ஒரு ரெண்டு தாங்க."

அண்ணாச்சிக்கு முதலில் புரியலை. புரிஞ்சதும் முகம் மாறிட்டது. "என்னது, பூனைக்குட்டியா தூக்கிக் குடுக்க?"

"நீங்க நல்லாத்தானே இருக்கீய?"

"நான் நல்லாருக்கேன்னு எவன் சொன்னான்? மாடியேறினா எனக்கு நாக்குத் தள்ளுது. ஒனக்கு எத்தனை பிள்ளை?"

"ரெண்டு."

"அப்போ ஒனக்கு இது ஆகாது. நான் செத்தா கேட்க நாதி இல்ல. நீ செத்தா ரெண்டு பேரு கேட்பாவ." அவரே டெய்லரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், தனக்கு வேண்டாம்னு சொன்ன அதே பம்பை வாங்கிக் கொடுத்துத்தான் பஸ் ஏத்திவிட்டார். அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. அவர் விவரம் தெரியாதவர் இல்லை. தெரிஞ்சுதான் வச்சிருந்தார்.

இப்போ ரத்தம் எடுக்குற அறைக்கு வாங்க.

நர்ஸம்மா அண்ணாச்சி விரலில் குத்தினாங்க. மேசையில் ஒரு கண்ணாடிக் குப்பி. அதில் நீலத் தண்ணி. ரத்தம் கனமா இருந்தா சொட்டு அதில் முங்கும். முங்கினா எடுக்கலாம். சத்தில்லாத ரத்தம்னா மெதக்கும்.

சொட்டு விழுந்தது. மேலேயே நின்னது.

"மெதக்கு" என்றாங்க நர்ஸம்மா.

"இது வலது கை. சட்டம் முக்குற கை. அசந்திருக்கும். இடது கையில எடுங்கம்மா."

இடது கையில் எடுத்தாங்க. மெதந்தது.

"சுண்டுவிரல்ல பாருங்க."

"அண்ணாச்சி, எந்த விரல்ல எடுத்தாலும் ஒரே ரத்தம்தான்."

"அப்படிச் சொல்லாதிய. கால்ல பாருங்க. எல்லாம் கீழ எறங்கி நிக்கும்." செருப்பைக் கழட்டிக் காலைத் தூக்கி மேசையில் வச்சுட்டார்.

நர்ஸம்மா காலை இறக்கிவிட்டு, அவர் கண் ரப்பையை இழுத்துப் பார்த்தாங்க. நகத்தைப் பார்த்தாங்க. எல்லாம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது.

"நீங்க ரத்தம் கொடுக்குற ஆள் இல்லை அண்ணாச்சி. வாங்குற ஆள்."

அண்ணாச்சி சட்டைக் கையை இறக்கிவிட்டார். வாசலில் பேச்சி பக்கத்தில் போய் நின்னார்.

"தாயி, ஒனக்குன்னு சொல்லி வச்சதை அவிய குடிச்சிட்டாவ."

பேச்சி அவரை மேலும் கீழும் பார்த்தா. அவளும் வெளுத்துத்தான் இருந்தா. "எனக்கு மாசத்துல பத்து நாளு போவுது. உங்களுக்குத் தினமும் போவுது. எனக்கு வெளிய போவுது, உங்களுக்கு உள்ளயே போவுது. அம்புட்டுத்தான் அண்ணாச்சி வித்தியாசம். வாங்க, வீட்டுக்குப் போவோம்."

ஆபரேசன் தள்ளிப் போச்சு. டாக்டரம்மா ரத்தப்போக்கு கட்ட மாத்திரை கொடுத்தாங்க. "மூணு மாசம் தாக்குப்பிடிக்கலாம். அதுக்கு மேல நான் பொறுப்பில்லை. ரத்தம் தேடுங்க." தேடினோம். பி நெகட்டிவ் இன்னும் ரெண்டு பேர் கிடைச்சாங்க. ஒருத்தருக்கு எழுபத்தஞ்சு வயசு. இன்னொருத்தர் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தார். ஊசியைப் பார்த்தார். எந்த பஸ்னு பார்க்காமல் ஏறிப் போயிட்டார்.

அந்தச் சொட்டு மெதந்ததுக்கு மறுநாள் மத்தியானமே அண்ணாச்சி எங்க வீட்டுக்கு வந்தார். பேச்சிகிட்ட ஒரு செம்பு தண்ணி கேட்டார். சட்டைப் பையிலிருந்து பூச்சி மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வச்சுக்கிட்டு, குனிஞ்சு தன் வயித்தைப் பார்த்தார்.

"நான் ஒண்ணும் உங்கள வேண்டாம்னு சொல்லல. நல்லாத்தான் இருந்தீய. ஆனா பிள்ளைக்கு வாக்குக் குடுத்திட்டேன். நீங்க குடிக்கதும் அவ கேக்கதும் ஒரே பானையில இருக்கு."

முழுங்கினார். பேச்சி கிட்ட வந்து, "ஆ காட்டுங்க" என்றா. காட்டினார். "நாக்கைத் தூக்குங்க." தூக்கினார். ஒண்ணும் இல்லை. அவ முகத்தைத் திருப்பிக்கிட்டா.

அதுக்கப்புறம் அவர் சாப்பாடு எங்க வீட்டில்தான். ஈரல், சுவரொட்டிங்கிற ஆட்டு மண்ணீரல், முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். கூட டாக்டர் கொடுத்த சத்து மாத்திரை. சனிக்கிழமை தோறும் போய் விரலை நீட்டுவார். நர்ஸம்மா அலுத்துக்குவாங்க, ஆனா குத்துவாங்க. ஆபீஸில் குச்சி அடுக்குற பெண்பிள்ளைகள் மொத்தமும் அவர் வர்ற வழியைப் பார்த்துக்கிட்டே இருக்கும்.

"அண்ணாச்சி, மெதக்கா, முங்குதா?"

"மெதக்கு."

அடுத்த வாரம்: "மெதக்கு."

ஆறாவது வாரம்: "பாதி முங்கிச்சு தாயிகளா. கொஞ்ச நேரம் யோசிச்சது. மறுபடி மேல வந்திட்டு."

அந்த வாரம்தான் அதுவும் நடந்தது. எங்க வீட்டில் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகலை. எங்கேயோ தூரத்தில் ரயில் ஊதுற மாதிரி ஒரு சின்னச் சத்தம். மூணு பேருக்கும் கேட்டது. ரயில் வர்ற நேரம் இல்லை அது.

"காவல்காரன் முழிச்சிட்டான்" என்றார். சோத்தை வாயில் போட்டுக்கிட்டார்.

டாக்டரைக் கேட்டேன். "புழு போனதால இருக்கலாம். பருத்தி வெடிக்கிற காலம், தூசி. அதாலயும் இருக்கலாம்" என்றார். அடிச்சுச் சொல்லலை. அண்ணாச்சி ராத்திரியெல்லாம் மறுபடி தலையணையை மடியில் வச்சுக்கிட்டு உட்கார ஆரம்பிச்சார். ஒருதரம்கூட பேச்சி காதில் விழுற மாதிரி அதைச் சொன்னதில்லை. சந்தோசப்பட்டது வாட்ச்மேன் மட்டும்தான். அவருக்கு மறுபடி தலையைத் தூக்காமல் கதவு திறக்க வசதியாப் போச்சு.

பதினோராவது வாரம் சொட்டு விழுந்தது. நீலத் தண்ணியில் நேரா அடிக்குப் போய் உட்கார்ந்தது.

"முங்கிட்டு!" அண்ணாச்சி போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டில் ஒரு பிள்ளை அழுதது.

நர்ஸம்மாவும் சிரிச்சாங்க. குழாயை எடுத்து அவர் நெஞ்சில் வச்சாங்க. சிரிப்பு நின்னுட்டது. "நெஞ்சு இப்படி விசிலடிச்சா நான் எப்படி எடுக்க? பாதியில மூச்சு முட்டினா என்ன செய்வேன்? இது அடங்கட்டும். அப்புறம் வாங்க."

அண்ணாச்சி அவங்களையே பார்த்தார். "ஏம்மா, மூச்சு இருந்தப்போ ரத்தம் இல்லன்னிய. ரத்தம் இருக்கப்போ மூச்சு இல்லங்கிய. மனுசன் எதைத்தான் கொண்டுக்கிட்டு வாரது?"

மூணு மாசத்துக்கு இன்னும் ரெண்டு வாரம்கூட முழுசா இல்லை. பேச்சிக்கு மாத்திரை கேட்காமல் மறுபடி போக்கு ஆரம்பிச்சிருந்தது. சுவரைப் பிடிச்சுத்தான் நடந்தா.

அண்ணாச்சி நேரா டாக்டர்கிட்ட போய் நின்னார். "அந்தப் பம்பைக் குடுங்க."

மருந்து ரூம் வேலையை விட்டார். லேபிள் ஒட்டுற பெண்பிள்ளைகள் நடுவில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அதுகள் பத்து ஒட்டுற நேரத்தில் இவர் ஒண்ணு ஒட்டுவார், அதுவும் தலைகீழா. பம்பு அடிக்க அவருக்கு வரலை. இழுக்க வேண்டிய இடத்தில் ஊதினார். மருந்தெல்லாம் என் மூஞ்சியில் அடிச்சது. சொல்லி அனுப்பினேன். புதியம்புத்தூர் டெய்லர் அன்னைக்கே பஸ் ஏறி வந்துட்டார்.

"முதல்ல உள்ள இருக்க மூச்சையெல்லாம் விடுங்க அண்ணாச்சி. இப்போ வாயில வச்சு அமுக்குங்க. மெதுவா இழுங்க. பத்து எண்ணுற வரைக்கும் விடப்படாது."

"பத்து வரைக்குமா?"

"பேசப்படாது!"

காலையும் சாயந்திரமும் அடிச்சார். ஒரு வேளை தவறலை. ஒன்பதாவது நாள் அண்ணாச்சி ராத்திரி படுத்துத் தூங்கினதாச் சொன்னார். பதினோராவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஆபரேசன் மறுநாள்.

நர்ஸம்மா குழாயை நெஞ்சில் வச்சாங்க. அண்ணாச்சி முகம் சிவந்துக்கிட்டே போச்சு.

"மூச்சு விடுங்க அண்ணாச்சி."

தலையை ஆட்டினார்.

"விடாம எப்படி நான் கேட்க?"

"விட்டா கேட்டுருமே" என்று பல்லைக் கடிச்சுக்கிட்டே சொன்னார்.

"விடுங்க."

விட்டார். முன்னால வச்சுக் கேட்டாங்க. முதுகில் வச்சுக் கேட்டாங்க. மறுபடி முன்னால வந்தாங்க. நான் பேச்சியைப் பார்த்தேன். பேச்சி தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தா.

"படுங்க" என்றாங்க நர்ஸம்மா.

பாட்டில்னு நாங்க சொல்லுவோம். வந்தது ஒரு பை. அதில் குழாய் வழியா இறங்குறதை அவர் கண் எடுக்காமல் பார்த்தார். நிறைஞ்சதும் நர்ஸம்மா கட்டி, அதில் என்னமோ எழுதினாங்க. அண்ணாச்சி கையை நீட்டி அதை ஒருதரம் தொட்டுப் பார்த்தார். "சூடா இருக்கு தாயி" என்றார்.

ஆபரேசன் நல்லபடி முடிஞ்சது. அண்ணாச்சி அதுக்கப்புறம் ரொம்ப வருசம் பம்போட இருந்தார், எங்க வீட்டில் சாப்பிட்டார், எங்க குழம்பில் குறை சொன்னார். பிறகு ஒருநாள் போய்ச் சேர்ந்துட்டார். புழுவோ இளைப்போ இல்லை. வயசு.

ஏத்தின ரத்தம் உடம்பில் நாலு மாசத்துக்கு மேல நிக்காதாம். கரைஞ்சு புதுசு வந்துருமாம். டாக்டரே சொன்னார். பேச்சி அதை ஒத்துக்கிட மாட்டா. அண்ணாச்சி இன்னும் உள்ளதான் இருக்காவங்கா. எவ்வளவு இருக்காவன்னு கேட்டா, அந்தப் பையில் எழுதியிருந்ததைச் சொல்லுவா.

முந்நூத்தி அம்பது மில்லி.